மாலத்தீவுக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்கள் எதைப் பார்த்து ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

திருமணமாகிப் பத்து ஆண்டுகள் நிறைவடைவதையொட்டி மனைவியுடன் மாலத்தீவில் ஐந்து இரவுகள் தங்க விரும்புவதாகவும், சுற்றிப் பார்ப்பதில் நாட்டமில்லை, உண்மையாகவே ஓய்வெடுக்க வேண்டும் என்பதே நோக்கம் என்றும், பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடுவதால் தேர்வில் தவறிவிடக் கூடாது என்ற கவலை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடலின் மேல் கட்டிய வில்லாக்களில் எந்த ரிசார்ட்டின் வில்லா சிறந்தது என்பது உங்கள் கேள்வி. அந்த நாட்டின் இரண்டு ரிசார்ட்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வரவேற்புப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வில்லாக்களை ஒப்பிடுவதற்கு முன் தீவுகளை ஒப்பிடுங்கள். மனம் வாடித் திரும்பிய விருந்தினர்களில், அறை சரியில்லை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. வந்து சேர்ந்த நேரம், வாசலுக்கு எதிரே இருந்த கடற்கரை, நீந்த முடியாத கடல், எதிர்பாராத பில் ஆகியவையே அவர்களுடைய ஓய்வைக் கெடுத்தன. இவை அனைத்தும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள், 26 பவளத்தீவுக் கூட்டங்களாக, வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கின்றன. அவற்றில் மக்கள் வாழும் ஊர்கள் 200-க்குள்தான். 1972-இல் தலைநகர் மாலேவுக்கு அருகில் ஆளில்லாத தீவொன்றில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. அந்த நாட்டின் திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர். நம்முடைய குரும்பையை நினைவூட்டும் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அன்று தொடங்கிய வழக்கம்தான் இன்றும் தொடர்கிறது: அரசிடமிருந்து ஒரு தீவு நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கப்படுகிறது, அந்தத் தீவில் அந்த ரிசார்ட்டைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. இதன் பொருளை நன்றாக யோசித்துப் பாருங்கள். உணவு பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போக முடியாது. கடற்கரை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கடற்கரை கிடையாது. பல தீவுகளை இருபது நிமிடத்தில் நடந்து சுற்றிவிடலாம். அந்த இருபது நிமிட வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் உங்களுடைய ஐந்து நாட்கள்.

முதலில் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். பழங்கால எரிமலைகள் மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்துபோக, அவற்றின் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்ததால் உருவானவை இந்தத் தீவுகள். வெண்மணல் என்று நாம் வியக்கும் மணல் பாறையிலிருந்து தேய்ந்து வந்தது அல்ல. பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் அரைத்து வெளியேற்றிய துகள்களும் சிப்பி, பாசித் துணுக்குகளும் சேர்ந்ததே அது. தாழையும் தென்னையும் பிடித்து வைத்திருக்கும் இடம் தவிர மற்ற மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் மணல் அரிக்கப்பட்டுக் கிழக்குப் பக்கம் போய்ச் சேருகிறது. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அதே மணல் திரும்பி வரத் தொடங்குகிறது. தீவு தானாக மூச்சு விடுவதைப் போன்ற இந்த அசைவை நான் ஒன்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

விருந்தினர்களுக்கு இது தெரிவதில்லை. நான் வேலை பார்த்த இடமொன்றில், ஒரு ஜூலை மாதம், மாலை வெயில் விழும் பக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்துக் கடற்கரை வில்லா எடுத்திருந்த ஒரு தம்பதியை அழைத்துப் போனேன். கதவைத் திறந்து, குளியலறையைக் காட்டி, பின்பக்கத் திரையை விலக்கினேன். இணையதளப் படத்தில் முப்பது அடி அகலத்துக்கு மணல் இருந்த இடத்தில் மூன்று வரிசை மணல் மூட்டைகளும், அவற்றின் மேல் மோதிக்கொண்டிருந்த அலையும்தான் இருந்தன. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரையை மெல்ல மூடினார். அந்தப் படம் பொய்யல்ல, பிப்ரவரியில் எடுத்தது. ஆகவே ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் எழுதும்போது, நீங்கள் தங்கப் போகும் அதே மாதத்தில், உங்களுக்குத் தரப்போகும் வில்லா இருக்கும் அதே பக்கத்தில், சென்ற ஆண்டு எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ரிசார்ட்டுகள் அனுப்பும். மழுப்பலான பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடல். தீவைச் சூழ்ந்திருக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்புக்கும், அதைத் தாண்டிச் சட்டென்று ஆழம் இறங்கும் பவளப்பாறை விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் தீவுக்குத் தீவு மாறும். சில தீவுகளில் அந்த விளிம்பு கரையிலிருந்து முப்பது மீட்டரில் இருக்கும். வேறு சிலவற்றில் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். விளம்பரப் படங்களில் வரும் வெளிர்நீலக் கடல் பெரும்பாலும் இரண்டாவது வகை. நீந்துவதற்கும் மிதப்பதற்கும் அருமையானது, ஆனால் முகமூடி அணிந்து பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். மீன்களைப் பார்க்க ஒவ்வொரு முறையும் படகில் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். முதல் வகைத் தீவில் காலை ஆறரைக்கு எழுந்து, ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு, படியிறங்கிச் சில நிமிடங்களில் விளிம்புக்குப் போய்விடலாம். இடுப்பளவு நீரில் மிதந்துகொண்டே போகும்போது கீழே இருக்கும் தரை திடீரென முடிந்து கருநீல ஆழம் தொடங்கும். அந்தச் சுவரை ஒட்டி ஓர் ஆமை உங்களைப் பொருட்படுத்தாமல் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். ஓய்வு என்று நீங்கள் கேட்பது இதையும் சேர்த்துத்தான் என்றால், கரையிலிருந்து பவளப்பாறை விளிம்பு எத்தனை மீட்டர், நீந்திப் போக எந்த இடத்தில் வழி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். 1998-லும் 2016-லும் கடல் வெப்பமடைந்து பவளங்கள் பேரளவில் வெளிறிப் போயின. ஆழம் குறைந்த இடங்களில் பவளத்தின் நிறம் பழைய படங்களில் இருப்பதைப் போல இருக்காது. மீன்களும் ஆமைகளும் சுறாக் குட்டிகளும் இருக்கின்றன. 2010-இல் சுறா வேட்டை நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டதன் பலனைப் படகுத்துறையின் கீழேயே பார்க்கலாம்.

இப்போது நீங்கள் கேட்ட வில்லாவுக்கு வருகிறேன். கடல் மேல் வில்லாவில் தங்க வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்டிலை விட்டு இறங்கி நாலு படி வைத்தால் கடல் என்பது வாழ்நாளில் ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டியது. ஆனால் ஓய்வு மட்டுமே நோக்கம் என்றால் மரநிழலில் இருக்கும் கடற்கரை வில்லாவையே நான் பரிந்துரைப்பேன். கடல் மேல் வில்லாவின் தளத்தில் நிழல் குறைவு. பதினோரு மணி முதல் மூன்று மணி வரை அங்கே உட்கார முடியாமல் குளிரூட்டிய அறைக்குள் அடைந்துகிடந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காற்று மாதங்களில் இரவு முழுவதும் தரைக்கடியில் அலை அடிக்கும் ஓசை சிலருக்குத் தாலாட்டாக இருக்கும், சிலருக்குத் தூக்கமே வராது. உணவகத்துக்கு மரப்பாலத்தின் மேல் பத்து நிமிடம் வெயிலில் நடக்கவோ வண்டிக்குக் காத்திருக்கவோ வேண்டியிருக்கும். மூன்று இரவு கரையில், இரண்டு இரவு கடல் மேல் என்று பிரித்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். ஏழு இரவுகளுக்கு மேல் தங்குபவர்களுக்கு அது நல்ல யோசனை. ஐந்து இரவுகளில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த அறை தயாராகும் வரை காத்திருப்பதில் ஓர் அரை நாள் போய்விடும். அதை இழக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வந்து சேரும் நேரத்தைப் பற்றித்தான். விமான நிலையம் மாலேவுக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. அங்கிருந்து ரிசார்ட்டுக்கு விரைவுப்படகில் போகலாம், உள்நாட்டு விமானத்தில் போய் மீண்டும் படகில் போகலாம், அல்லது கடல்விமானத்தில் போகலாம். கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும், ஏனென்றால் அது இறங்குவது விளக்கு போட்ட ஓடுதளத்தில் அல்ல, கடல்நீரில். விமானி அலையையும் பாறையையும் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். எனவே பிற்பகல் மூன்றரை மணியளவுக்குப் பின் மாலேவில் இறங்குபவர்களுக்கு அன்று கடல்விமானம் கிடைப்பது அரிது. அவர்கள் மாலேவிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவிலோ ஓர் இரவு தங்க வேண்டும். பல நூறு டாலர் கொடுத்த வில்லா அந்த இரவு காலியாகக் கிடக்கும். ஐந்து இரவுகளில் ஒன்றை இப்படி இழந்தவர்களின் முகத்தைப் படகுத்துறையில் நின்று வரவேற்றிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் விமானம் காலையில் போய்ச் சேருவதாக இருந்தால் கடல்விமானத் தீவைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் சேருவதாக இருந்தால் வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டத்தில், விரைவுப்படகில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தீவைத் தேர்ந்தெடுங்கள்.

கடல்விமானப் பயணம் தனி அழகு. ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எந்திரச் சிறு விமானத்தில் பதினைந்து பேர் அளவில் ஏறுவார்கள். விமானிகள் பெரும்பாலும் வெறுங்காலோடு இருப்பார்கள். தாழ்வாகப் பறப்பதால் கீழே பவள வளையங்கள் ஒவ்வொன்றும் தட்டில் வைத்ததைப் போலத் தெளிவாகத் தெரியும். ஆனால் இரைச்சல் அதிகம், வழியில் வேறு தீவுகளில் இறங்கி ஏறவும் கூடும், ஏறுவதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க நேரலாம். ஒருவருக்கு 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும் என்பதே பொதுவான அளவு, மிகுந்தால் கட்டணம். தீவில் செருப்பே தேவைப்படாது என்பதால் இந்த அளவு தாராளமாகப் போதும்.

பருவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இருவாய் எனப்படும் வடகிழக்குக் காற்றுக் காலம், வறண்ட வானம், அமைதியான கடல், உச்ச விலை. மே முதல் அக்டோபர், நவம்பர் வரை ஹுல்ஹங்கு எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலம், மழையும் அலையும், குறைந்த விலை. ஆண்டு முழுவதும் கடல்நீர் 27 முதல் 30 டிகிரிக்குள்தான் இருக்கும். செலவும் வானிலையும் ஓரளவு ஒத்துவரும் மாதங்கள் என்று நான் ஏப்ரல் பிற்பகுதியையும் நவம்பரையும் சொல்வேன். விதிவிலக்கு ஒன்றுண்டு. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த, பா என்னும் பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்றொரு விரிகுடா இருக்கிறது. மழைக்கால நீரோட்டம் அங்கே நுண்ணுயிர்களைக் குவித்துக் கொடுக்க, அவற்றை உண்ண மாண்டா திருக்கைகள் கூட்டமாக வந்து வாயைத் திறந்தபடி வட்டமிடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். அங்கே ஆழ்நீச்சலுக்கான காற்று உருளைகளுடன் இறங்க அனுமதி இல்லை, வழிகாட்டியுடன் ஸ்நார்க்கெலிங் மட்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். உங்களைப் போல் எதையும் செய்ய விரும்பாதவர்களும் இந்த ஒன்றுக்காக ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம்.

பில்லைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊருக்குத் திரும்பும் நாளில் என் மேசைக்கு முன் மனக்கசப்பு வந்ததெல்லாம் இதனால்தான். ரிசார்ட்டுகள் விலையை அமெரிக்க டாலரில் சொல்கின்றன. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதில் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின் மேல், ஜூலை 2025 முதல் 17 சதவீதச் சுற்றுலா வரி. அதற்கும் மேல் ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் 12 டாலர் பசுமை வரி; 2024 வரை இது 6 டாலராக இருந்தது. ஓர் இரவுக்கு 600 டாலர் என்று போட்டிருந்தால், சேவைக் கட்டணத்தோடு 660, வரியோடு 772.20, இருவருக்கான பசுமை வரியோடு 796.20. ஐந்து இரவுகளுக்கு 3,000 டாலர் என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது 3,981 டாலராக வந்து நிற்கும். கடல்விமானம் போய்வர ஒருவருக்குப் பெரும்பாலும் 400 டாலருக்கு மேல் ஆகும், அது தனி. எனவே அனைத்தும் அடங்கிய மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உணவுத் திட்டத்தில், காலை உணவு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கலாம் என்று எண்ண வேண்டாம். வெளியே வேறு கடை இல்லாத இடத்தில் மதியமும் இரவும் தனித்தனியாகச் சாப்பிட்டால் செலவு மளமளவென்று ஏறும். மது அருந்தாதவர்களுக்குக் காலையும் இரவும் சேர்ந்த திட்டம் போதும்; தாமதமான காலை உணவு மதியத்தையும் தாங்கிவிடும். காலையில் உணவு மேசையின் ஓரத்தில் மஸ்ஹுனி இருக்கிறதா என்று பாருங்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துக் கையால் பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு தருவது. அந்த நாட்டு மக்கள் வீட்டில் உண்ணும் உணவு ரிசார்ட்டில் கிடைக்கும் சில தருணங்களில் அது ஒன்று. எல்லாம் உள்ளடங்கிய திட்டம் எடுப்பதாக இருந்தால், ஸ்நார்க்கெல் கருவியும் அறையிலுள்ள குளிர்பெட்டியும் எல்லா உணவகங்களும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 நாள் விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசு இணையதளத்தில் பயண விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டு போகக் கூடாது; விமான நிலையக் கடையில் வாங்கிய மதுப்புட்டியையும் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள். மின்சிகரெட் முழுவதுமாகத் தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், வெளிநாட்டினராக இருந்தாலும், புகையிலை பயன்படுத்த முடியாது. பவளத்தையும் சிப்பியையும் எடுத்து வரக் கூடாது. காலடியில் கிடக்கும் வெற்றுச் சங்கைக்கூட அங்கேயே விட்டுவிடுங்கள், அது நாளைக்கு ஒரு நண்டின் வீடு.

உடல்நலத்தில் இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று வெயில்: நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் மேகம் மூடியிருந்தாலும் தோல் கருகும், ஸ்நார்க்கெலிங் செய்பவர்களின் முதுகும் முழங்காலின் பின்பக்கமும் முதல் நாளிலேயே வெந்துபோய், மீதி நான்கு நாட்கள் படுக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. களிம்பை நம்புவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை அணிவது உங்களுக்கும் பவளத்துக்கும் நல்லது. இன்னொன்று நீரோட்டம்: பவளத்தீவுக் கூட்டங்களுக்கு இடையிலுள்ள கால்வாய்களின் அருகே கடல் மேற்பரப்பில் அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தனியாக இறங்கக் கூடாது. அன்றைய நீரோட்டம் எந்தத் திசையில் என்று டைவிங் மையத்தில் கேட்டுவிட்டு, எதிர்த்திசையில் தொடங்கி நீரோட்டத்தோடு திரும்பி வாருங்கள். ஆழ்நீச்சல் செய்வதாக இருந்தால், கடைசியாக ஆழ்நீச்சல் செய்த பின் ஒரு முழு நாள் கழியும் வரை விமானம் ஏறாதபடி திட்டமிட வேண்டும்.

தங்கும் நாட்களுக்கு எந்த நிகழ்ச்சியையும் முன்பதிவு செய்யாதீர்கள். வரும்போதே டால்பின் படகு, மணல்திட்டு விருந்து, மீன்பிடிப்பு, மசாஜ் என்று ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிரண்டு நேரம் குறித்துக்கொண்டு வந்தவர்கள், கையில் கடிகாரத்தோடு மரப்பாலத்தில் வேகமாக நடப்பதைத் தினமும் பார்ப்போம். பல தீவுகளில் மாலேவை விட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடிகாரத்தை நகர்த்தி வைத்திருப்பார்கள், மாலை வெளிச்சம் நீடிப்பதற்காக. அந்த ஒரு மணி நேரத்தை அலைபேசிக்குக் கொடுக்காமல் கரையில் உட்கார்ந்தால், ஐந்தரை மணிக்கு ஒரு சாம்பல் நாரை அலையோரம் வந்து அசையாமல் நிற்கும். முதல் இரண்டு நாட்களை இப்படிக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் மனம் எதையாவது கேட்டால் அப்போது வரவேற்பில் வந்து சொல்லுங்கள். திருக்கைகளின் உச்சகாலத்தைத் தவிர மற்றவற்றுக்கு இடம் பெரும்பாலும் கிடைக்கும்.

திரும்பும் நாளுக்கும் நேரம் குறித்துத் திட்டம் போட வேண்டாம். கடல்விமானம் எத்தனை மணிக்கு என்பது முந்தின நாள் மாலையில்தான் முடிவாகும். இரவு உணவு முடிந்து நீங்கள் வரும்போது கதவடியிலோ அலைபேசியிலோ ஒரு குறிப்பு காத்திருக்கும். சில சமயம் அது விடிகாலை ஆறு மணி என்று சொல்லும். ஆகவே கடைசி நாள் காலையில் நீந்திக்கொள்ளலாம் என்று எதையும் ஒத்திவைக்காமல், முந்தின நாள் மாலையே கடலில் இறங்கிவிட்டு வாருங்கள்.